மாமாவிடம் மறைத்த செய்தி



சென்ற இதழில் வடாம் பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஜவ்வரிசி வடாம் ஏன் விண்டு போகிறது என்று கேட்டவர்களே பதினோரு பேர்! அவர்களுக்கு அடுத்த இதழில் கட்டாயம் பதில் எழுதுகிறேன். இந்தத் தடவை ஒரே ஒரு கடிதத்துக்கு மட்டும்தான் பதில். அதைப் படித்த நாளிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

சேலத்திலிருந்து ஒரு இளம் தாய் எழுதியிருக்கிறார். கைக்குழந்தைக்காரி. மாமனாருக்கு இரண்டு தடவை மாரடைப்பு வந்து பிழைத்திருக்கிறாராம். அவருடைய பால்ய சிநேகிதர் போன மாதம் காலமாகிவிட்டார். "மாமனாரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. தாங்கமாட்டார் என்கிறார்கள். ஆனால் 'அவன் ஏன் போன் பண்ணலை?' என்று தினமும் என்னிடம்தான் கேட்கிறார். குழந்தை அழுகிறது என்று சாக்குச் சொல்லி உள்ளே ஓடிவிடுகிறேன். நாங்கள் செய்வது சரிதானா அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா சேலத்துப் பெண்ணே, இதே காரியத்தை நானும் செய்தவள். அதைச் சொல்லாமல் உனக்குப் புத்தி மட்டும் சொன்னால் அது யோக்கியமில்லை.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில், லேக் வியூ ரோடிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது. ஏரி எங்கே என்று கேட்காதீர்கள். அந்த ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரையே உண்டாக்கினார்கள். எங்களுக்கு ஏரியின் ஞாபகார்த்தமாக மிஞ்சியது ரோடின் பெயரும் கொசுவும்தான். மொத்தம் ஆறே வீடுகள் உள்ள பழைய கட்டிடம். நாங்கள் முதல் மாடியில். எங்களுக்கு நேர் கீழே மாமாவும் மாமியும். மாமா ஏ.ஜி. ஆபீஸில் பென்ஷன் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். 2020-இல் அவருக்கு 78 வயது, மாமிக்கு 72. பிள்ளை நியூஜெர்ஸியில், பெண் பெங்களூரில். மாமாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, மாமிக்குச் சர்க்கரை. நான் திண்டிவனம் பக்கத்து கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். என் பிள்ளைக்குத் தலை நின்றதும், உரம் விழுந்தபோது எண்ணெய் தடவி நீவிவிட்டதும் மாமியின் கையில்தான்.

எங்கள் பேட்டையில் ரிடையர் ஆன ஆண்பிள்ளைகளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. ஆபீஸ்தான் பெயர். எங்கள் மாமா 'ஏ.ஜி. மாமா'. அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேர்: தெற்கு ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த ரயில்வே மாமா, போஸ்டல் காலனியில் இருந்த எல்.ஐ.சி. மாமா, டெலிபோன்ஸ் மாமா. நாற்பது வருஷப் பழக்கம். தினமும் சாயங்காலம் ஆரிய கவுடா ரோடு அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசமோ கச்சேரியோ தொடங்குவதற்கு அரை மணி முன்பே போய்க் கடைசி வரிசையைப் பிடித்துவிடுவார்கள். அந்த அரை மணிதான் அவர்களுக்கு முக்கியம். உபன்யாசம் ஆரம்பித்ததும் இரண்டு பேர் தூங்கிவிடுவார்கள் என்பது மாமி சொன்ன ரகசியம். ராத்திரி எட்டு மணிக்கு மாமா திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டுக் கீரையாவது இருக்கும். முகத்தில் நாலு பேர் செய்தியும் இருக்கும்.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் கதவைச் சாத்தினார்களே, அன்றிலிருந்து இதெல்லாம் நின்று போயிற்று. மண்டபத்தில் நிசப்தம், கோயிலில் பூட்டு. மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் மின்சார ரயில் சத்தமே இல்லை. ரயில் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று ரயில்வே மாமா மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவாராம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டம் போட்டேன்! என் வீட்டுக்காரர் மருந்து மொத்த வியாபாரத்தில் வேலை செய்கிறவர். ஊரே அடங்கியிருந்தபோதும் தினம் வெளியே போய் வந்தவர். எங்களால் கீழ் வீட்டுக்கு எதுவும் வந்துவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே பயம். அதனால் கயிறு கட்டிய கூடையில் காய்கறி, மருந்து, ஆவின் பால் எல்லாவற்றையும் பால்கனியிலிருந்தே இறக்குவேன். மாமி ரூபாயையும் கழுவிய பாத்திரத்தையும் அதே கூடையில் அனுப்புவாள். யாரும் கீழ் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது, மாமாவும் மாமியும் படி இறங்கக் கூடாது.

ஏப்ரல் 26 முதல் நாலு நாள் சென்னையில் கடைகூட இல்லாத முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தின நாள், 25-ஆம் தேதி சனிக்கிழமை, கடைகளில் தேர்க்கூட்டம். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறேன், பார்த்தால் மாமா துணிப்பையோடு தெருமுனையிலிருந்து வருகிறார். காப்பிப்பொடி வாங்கவாம்! காப்பிப்பொடி ஒரு சாக்குதான், எல்.ஐ.சி. மாமாவும் அதே கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. பெற்ற தகப்பனிடம் பேசாத பேச்சை அன்று நான் கேட்டில் நின்று பேசினேன். அன்றைக்கே கேட்டுக்குப் பூட்டு போட்டுச் சாவியை என் இடுப்பில் சொருகிக்கொண்டேன். இரண்டு நாள் மாமா என்னோடு பேசவில்லை. மாமிதான் கீழேயிருந்து தலையை நிமிர்த்திச் சொன்னாள்: "ஏண்டிம்மா, ஜெயில்லகூட மனுஷாளைப் பார்க்க நாள் குறிச்சு விடுவாளே. நீ எந்த நாள் குறிச்சிருக்கே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த வாரமே கோயம்பேடு மார்க்கெட்டில் நோய் பரவி மே 5-ஆம் தேதி அதை மூடியதும், 'பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே' என்று எனக்கு ஒரு மிதப்பு. அந்த மிதப்புதான் பின்னால் என்னைக் கெடுத்தது.

வீட்டுக்குள்ளேயே இருந்தால் வயசானவர்களுக்குக் கால் சீக்கிரம் சோர்ந்துவிடும். சதை கரைகிற வேகம் நம்மை மாதிரி இல்லை. கொஞ்ச நாள் நடக்காவிட்டால் எழுந்திருக்கும்போது நாற்காலியைப் பிடிக்க வேண்டியதாகிவிடும். இதற்கு மாமி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு கிண்ணத்தில் அறுபது புளியங்கொட்டை. வாசலிலிருந்து சமையலறை ஜன்னல் வரை ஒரு நடை போய் வந்தால் ஒரு கொட்டையை அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். கிண்ணம் காலியானால்தான் காப்பி! மாமா சில சமயம் இரண்டு இரண்டாகப் போட்டு ஏமாற்றுவார். ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்தவர் செய்கிற வேலையா இது என்று மாமி சத்தம் போடுவது மேலே எங்களுக்குக் கேட்கும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இன்றைக்கும் நான் இந்தப் புளியங்கொட்டை வைத்தியத்தைத்தான் சொல்கிறேன்.

கபசுரக் குடிநீர் விஷயமும் சொல்ல வேண்டும். கார்ப்பரேஷன் கொடுத்தது, எதிர் வீட்டார் கொடுத்தது, நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது என்று மூன்று தரம் குடித்து மாமிக்கு வயிற்றெரிச்சல் வந்ததுதான் மிச்சம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்தக் கஷாயமானாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடிப்பதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அந்த நாட்களில் தினம் வாசலுக்கு வந்த ஒரே வெளி மனுஷி, ஜுரம் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு போன கார்ப்பரேஷன் பெண். மாமா அவளுக்காகப் பத்து மணிக்கே சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலில் காத்திருப்பார். "ஜுரம் இல்லை, இருமல் இல்லை, தலைவலி மட்டும் உண்டும்மா. அது உள்ளே இருக்கா" என்று மாமியைக் காட்டுவார். தினமும் அதே ஹாஸ்யம், தினமும் அந்தப் பெண் சிரிப்பாள். அவள் ஒருநாள் வராவிட்டால் மாமாவுக்குப் பொழுது போகாது.

மாமிக்கு இன்னொரு சிநேகிதி உண்டு, தெருமுனைப் பூக்காரம்மா. இருபது வருஷமாக மாமிக்குப் பூ கொடுக்கிறவள். வியாபாரம் நின்றுபோய், அரிசி கார்டுக்கு அரசாங்கம் ஏப்ரலில் கொடுத்த ஆயிரம் ரூபாயும் ரேஷன் அரிசியும்தான் அவளுக்கு ஆதாரம். மாமி பூ வாங்காமலே மாதாமாதம் பூக்காசை என் கூடையில் போட்டு அனுப்பச் சொன்னாள். செப்டம்பர் 1-ஆம் தேதி கோயில்கள் திறந்து வியாபாரம் தலையெடுத்ததும், பூக்காரம்மா தினமும் ஒரு முழம் அதிகமாகக் கட்டிக்கொண்டு வந்து காசு வாங்க மறுத்துவிட்டாள். "கணக்கு தீரலை மாமி" என்பாள். "எனக்கு இருக்கிற முடிக்கு இவ்வளவு பூவை எங்கேடி வெச்சுப்பேன்?" என்று மாமி கெஞ்சியும் தை மாதம் வரை அந்தக் கணக்கு நடந்தது.

ஜூன் மாதம்தான் மிஸ்டு கால் பழக்கம் ஆரம்பித்தது. 19-ஆம் தேதியிலிருந்து சென்னையில் மறுபடி கெடுபிடி. அந்தச் சமயம் டெலிபோன்ஸ் மாமா ஜுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, நாலு நாள் கழித்துத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டார். ஆனால் நாலு நாள் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று மூன்று பேருக்கும் ஆறவில்லை. ரயில்வே மாமாதான் யோசனை சொன்னார். ஒரு ஸ்டேஷனிலிருந்து வண்டியை அனுப்புவதற்கு முன் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடம் பாதை காலியா என்று கேட்டு, மணி அடித்துச் சம்மதம் வாங்குவார்களாம். அதற்கு 'லைன் கிளியர்' என்று பெயர். அதே மாதிரி காலை சரியாக ஆறு மணிக்கு ரயில்வே மாமா எல்.ஐ.சி. மாமாவுக்கு ஒரு மிஸ்டு கால். உடனே எல்.ஐ.சி. மாமா எங்கள் மாமாவுக்கு. எங்கள் மாமா டெலிபோன்ஸ் மாமாவுக்கு. அவர் திரும்ப ரயில்வே மாமாவுக்கு. யாரும் எடுக்கக் கூடாது, காசு ஆகாது. ஒரு மணி அடித்தால் 'ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்துவிட்டேன்' என்று அர்த்தம். அடிக்காவிட்டால் விசாரிக்க வேண்டும்.

கீழ் வீட்டில் 6.05-க்கு மாமாவின் போன் ஒரு தரம் கிணுக்கென்று அடித்து அடங்குவதை நான் கோலம் போடும்போது கேட்பேன். எனக்கே அது பழகிவிட்டது.

அந்த நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டிய சமயம், தபால்காரர் கைரேகை மெஷினோடு வீட்டுக்கே வந்தார். புதிதாக வந்த ஏற்பாடு. மாமாவின் விரல்ரேகை தேய்ந்துபோய் மெஷின் ஏற்க மாட்டேன் என்கிறது. ஐந்தாவது தடவைதான் ஏற்றது. "இந்த மெஷினைவிட எல்.ஐ.சி.காரன் தேவலை. ஒரே அடியில நான் இருக்கேன்னு ஒத்துக்கறான்" என்றார் மாமா.

2021 மார்ச் 1-ஆம் தேதி 60 வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி ஆரம்பித்தது. மாமாவும் மாமியும் அந்த மாதமே முதல் ஊசி, ஏப்ரல் கடைசியில் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டார்கள். ரயில்வே மாமாவும் டெலிபோன்ஸ் மாமாவும் அப்படியே. எல்.ஐ.சி. மாமா மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். ஏப்ரல் 17-ஆம் தேதி நடிகர் விவேக் காலமானாரே, ஊசி போட்டு இரண்டு நாளில் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள், அக்டோபரில் மத்திய அரசின் நிபுணர் குழுவும் அதையே சொன்னது. ஆனால் பயந்த மனசுக்கு அக்டோபர் வரை பொறுமை ஏது? "வெயில் தணியட்டும், போட்டுக்கறேன்" என்றாராம்.

மே மாதம் எப்படி இருந்தது என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,000 பேருக்கு மேல் நோய். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை. எல்.ஐ.சி. மாமாவுக்கு ஜுரம் வந்து, ஆக்ஸிஜன் அளவு 88-க்கு இறங்கி, எப்படியோ ஒரு படுக்கை கிடைத்துச் சேர்த்தார்கள். அதுவரை எங்கள் மாமாவுக்கும் தெரியும். தினமும் மூன்று தடவை விசாரிப்பார்.

மே மூன்றாம் வாரம், ஒரு விடியற்காலையில் அவர் போய்விட்டார். கண்ணம்மாபேட்டையில் காரியம். பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும்தான் கூட இருந்தார்களாம். ரயில்வே மாமா என் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் போன் செய்தார், எங்கள் மாமாவுக்கு எப்படிச் சொல்வது என்று.

நியூஜெர்ஸிப் பிள்ளையிடம் சொன்னேன். அவன் அழாக்குறையாகச் சொன்னான்: "அக்கா, அப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க. ஸ்டென்ட் வெச்ச உடம்பு. ஏதாவதுன்னா ஒரு ஆம்புலன்ஸ்கூடக் கிடைக்காது. நான் இங்கேர்ந்து வரவும் முடியாது." அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதே பயம். 'எல்.ஐ.சி. மாமா தேறிவிட்டார், பெங்களூரில் இருக்கும் பெண் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள், தொண்டை புண்ணாகிப் பேச முடியவில்லை' என்று கதையை ஜோடித்தது நான்தான். ரயில்வே மாமாவிடம், "இனிமே நீங்களே இவருக்கு மிஸ்டு கால் கொடுத்துடுங்க" என்று சொன்னதும் நான்தான். அவருக்கு இஷ்டமே இல்லை. "சிக்னலைப் பொய்யாப் போடச் சொல்றியேம்மா" என்றார். என்றாலும் செய்தார்.

மாமியிடம் மறைக்க முடியுமா? கூடையில் கீரையோடு ஒரு சீட்டு எழுதி இறக்கினேன். அடுத்த நிமிஷம் கீழே குளியலறைக் குழாய் திறந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம். அரை மணி கொட்டியது. எங்கள் தெருவில் அவ்வளவு தண்ணீரை யாரும் வீணாக்குவதில்லை.

மாமாவோ ஆடிட்காரர். "மே 17-லேர்ந்து வெளியூர் போக இ-பதிவு வேணுமே, என்ன காரணம்னு போட்டா?" என்று கேட்டார். "மருத்துவக் காரணம்னு போட்டிருப்பாங்க மாமா" என்றேன் பால்கனியிலிருந்தே. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். புளியங்கொட்டை நடை அன்றிலிருந்து குறைந்துபோயிற்று. எல்.ஐ.சி. மாமாவின் நம்பருக்குத் தினம் மத்தியானம் போட்டுப் பார்ப்பாராம். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வரும். வைத்துவிடுவாராம்.

பதிமூன்றாம் நாள். எல்.ஐ.சி. மாமி, சுபம் முடிந்து, மனசைத் தேற்றிக்கொண்டு எங்கள் மாமாவின் வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் செய்தாள். மாமி அடுப்படியில் இருந்ததால் மாமாவே எடுத்துவிட்டார். அந்த அம்மாள் கேட்டது இதுதான்: "நாற்பது வருஷம் பழகினேள். ஊர்ல எல்லாரும் பேசினா. உங்காத்துலேர்ந்து ஒரு போன்கூட வரலையே, நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

அன்று சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம். மாமா! ஒரு வருஷத்துக்கு மேல் படி ஏறாதவர். முகக்கவசத்தோடு மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"உனக்கு என்னிக்குத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும் மாமா."

"பதிமூணு நாள்" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "என்னைப் பத்தி யோசிச்சே, சரி. அவ தனியா உக்காந்துண்டு ஒவ்வொரு போனா எண்ணிண்டு இருந்திருக்கா. அதை யாரும் யோசிக்கலையேம்மா."

எனக்குப் பதில் வரவில்லை. அவரும் பதிலை எதிர்பார்க்காமல் இறங்கிப் போனார்.

சேலத்துப் பெண்ணே, நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். நாம் மாமனாரின் இருதயத்தை மட்டும்தான் பார்க்கிறோம். அந்தப் பக்கம் இன்னொரு வீடு இருக்கிறது. அங்கே ஒரு அம்மாள் உன் மாமனாரின் குரலுக்குக் காத்திருக்கலாம். எங்கள் மாமிக்கும் நான் அநியாயம்தான் செய்தேன். அவளும் எல்.ஐ.சி. மாமியும் ஒன்றாக நவராத்திரிக்குச் சுண்டல் வாங்கப் போனவர்கள். கணவர் காதில் விழுந்துவிடுமே என்று பதிமூன்று நாள் தோழிக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அதற்கு அவள் என்னைக் கோபித்ததில்லை. கோபித்திருந்தால் தேவலை.

மூன்று நாள் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரைகளை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். நாங்கள் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி.

நாலாம் நாள் அவரே எல்.ஐ.சி. மாமிக்குப் போன் செய்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். என் பெயரைச் சொல்லவில்லை என்று மாமி சொன்னாள். பிறகு தினம் ஐந்து மணிக்கு அந்த அம்மாளுக்கு ஒரு போன். குடும்ப பென்ஷன், பாங்க் கணக்கில் பெயர் மாற்றுவது, மரணச் சான்றிதழ் எத்தனை நகல் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முப்பது வருஷம் அந்த வேலைதானே பார்த்தார்! மனுக்களைத் தன் கைப்பட அழகான எழுத்தில் எழுதிக் கூடையில் போடுவார். நான் மேலே இழுத்து, என் பிள்ளை ஸ்கூட்டரில் கொண்டு போய் போஸ்டல் காலனியில் கொடுப்பான். (அந்தப் பிள்ளைதான் 2020-இல் பரீட்சை எழுதாமலே பத்தாவது பாஸானவன். எதற்காவது பிரயோஜனப்பட்டானே!) மனு எழுத ஆரம்பித்த பிறகுதான் புளியங்கொட்டைக் கிண்ணம் மறுபடி காலியாகத் தொடங்கியது.

இனி உன் வீட்டு விஷயம். முதலில் மாமனாரைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கலந்துகொள்ளுங்கள். ராத்திரி சொல்லாதீர்கள், தூக்கமும் போய் இருட்டும் சேர்ந்தால் பயம் ஜாஸ்தியாகும். காலை டிபனும் மாத்திரையும் ஆன பிறகு, அவர் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்போது, பெற்ற பிள்ளையே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். அது உன் தலையில் விழ வேண்டிய வேலை அல்ல. 'உடம்பு ரொம்ப சரியில்லை', 'கஷ்டம்தான்' என்று சுற்றி வளைக்காமல், காலமாகிவிட்டார் என்றே சொல்லட்டும். என்றைக்கு, எப்படி என்று கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும். இத்தனை நாள் ஏன் மறைத்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அன்று முழுவதும் யாராவது கூட இருங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், அளவுக்கு மீறிய வியர்வை எது வந்தாலும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் ஓரளவு தேறியதும் சிநேகிதர் வீட்டுக்கு அவரை அழைத்துக்கொண்டு போங்கள், முடியாவிட்டால் போனாவது போட்டுக் கொடுங்கள். ஞாபக மறதி நோய் முற்றிய பெரியவர்கள் விஷயம் வேறு. சொன்னதை மறந்து ஒவ்வொரு தடவையும் புதிதாகத் துக்கப்படுவார்கள். அதை வைத்தியரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

தனிமையால் உடம்பு கெடும் என்பதைப் பாட்டி கதை என்று நினைக்காதீர்கள். உலகம் முழுவதும் வருஷத்துக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்குத் தனிமையோடு சம்பந்தம் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில் கணக்குச் சொல்லியிருக்கிறது. பெரியவர்களின் சிநேகிதத்தை நாம் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். நானும் அப்படி நினைத்துத்தான் கேட்டைப் பூட்டினேன். நோய் நாளில் பூட்டியது தப்பில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன். போனில் வருகிற சிநேகிதத்துக்கும் நானே பூட்டுப் போட்டேனே, அதுதான் உறுத்துகிறது. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கென்று 14567 என்ற இலவச டெலிபோன் எண் இருக்கிறது. அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாமா எண்பதைத் தாண்டிவிட்டார். மண்டபத்தில் மறுபடி கடைசி வரிசை, மூன்று பேராக. லைன் கிளியர் மட்டும் நாலு பேருக்கு நடக்கிறது. எல்.ஐ.சி. மாமாவின் போனை அந்த மாமி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், "அந்த ஆறு மணி போனை நானே அடிக்கட்டுமா? எனக்கும் காலையில எழுந்து யார்கிட்டயாவது சொல்லிக்கணும் போல இருக்கு" என்றாளாம். அதே நம்பர், அதே 6.05. மாமா தன் போனில் பெயரை மாற்றவில்லை.

போன வாரம் 6.20 ஆகியும் மணி வரவில்லை. நான் கோலத்தை முடித்துவிட்டுக் கேட்டில் நிற்கிறேன். மாமா வேஷ்டியைச் சரியாகக்கூடக் கட்டாமல் செருப்பைத் தேடுகிறார், மாமி பின்னாலேயே கைத்தடியோடு ஓடி வருகிறாள். "ஆட்டோவைக் கூப்பிடு" என்றார் என்னிடம். மூன்று பேருமாகப் போஸ்டல் காலனிக்குப் போனோம். எல்.ஐ.சி. மாமி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கிறாள்! ராத்திரி கரண்ட் போய் போனில் சார்ஜ் இல்லையாம். மாமா வாசலிலேயே நின்று ஐந்து நிமிஷம் சத்தம் போட்டார். "நான் என்னன்னு நெனச்சுண்டேன் தெரியுமா?" அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் நாலு டம்ளர் காப்பியோடு வந்தாள். மாமிக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல்.